ஆள்களப் பெயரை வாசிப்பது எப்படி?

மாணவர்களே,

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சையை எழுதிவிட்டுச் சில மாதங்கள் காத்திருப்பீர்கள். பின்னர் ஒருநாள் இரவு, "றிசல்ட் வந்திட்டாம்" என்ற செய்தி ஊரெங்கும் பரவும். வீட்டிலுள்ள கைத்தொலைபேசி ஒன்றைச் சுற்றி அம்மா, அப்பா, தம்பி, தங்கை எல்லோரும் கூடி நிற்பர். அந்நேரத்தில் நீங்கள் செய்யும் முதல் வேலை ஓர் இணைய முகவரியைத் தட்டெழுதுவது, அல்லது யாரோ அனுப்பிய இணைப்பை அழுத்துவது ஆகும்.

என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி அப்படித்தான் வட்ஸ்அப்பில் வந்த இணைப்பொன்றை அழுத்தினாள். பக்கத்தின் மேலே இலச்சினை இருந்தது. சுட்டெண்ணைக் கேட்டது, கொடுத்தாள். தொலைபேசி இலக்கத்தைக் கேட்டது. தாயாருடைய இலக்கத்தைக் கொடுத்தாள். குறுஞ்செய்தியில் வந்த நான்கு இலக்கங்களைக் கேட்டது, அவற்றையும் கொடுத்தாள். பெறுபேறு வரவில்லை. மறுநாள் தொடக்கம் தாயாருடைய தொலைபேசியிலிருந்து நாளாந்தம் பணம் கழியத் தொடங்கிற்று. ஆள்களப் பெயரின் வரைவிலக்கணத்தை ஒரு சொல்லும் பிசகாமல் வகுப்பில் ஒப்புவித்தவள் அவள். வரைவிலக்கணத்தை மட்டும் மனனம் செய்வித்த குறை என்னுடையது. ஆகையால் இங்கு வரைவிலக்கணத்தைப் பின்னுக்கு வைத்து, முகவரியை வாசிக்கும் முறையை முன்னுக்கு வைக்கிறேன்.

ஒரு குறிப்பு. இப்பக்கங்களில் ஆங்கில முகவரிகள் வாசிக்கும் ஒலிப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. விடைத்தாளில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே எழுதுதல் வேண்டும்.

இலக்கமும் பெயரும்

இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று இலக்கத்தாலேயே அடையாளம் காண்கின்றன. அவ்விலக்கம் ஐ.பி. முகவரி எனப்படும். நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரி, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களைக் கொண்டது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரையில் அமையும். உதாரணமாக 192.248 எனத் தொடங்கும் முகவரிகள், எமது நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்புக்கு உரியவை. இவ்வகையில் மொத்தம் 32 பிற்றுகள் உள்ளமையால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே கிடைக்கும். உலகத்துக்கு அது போதாமற் போனமையாலேயே 128 பிற்றுகள் கொண்ட ஆறாம் பதிப்பு வந்தது.

உங்கள் நண்பர்களுடைய தொலைபேசி இலக்கங்களில் எத்தனை உங்களுக்கு மனப்பாடம்? ஒன்று அல்லது இரண்டு இருக்கலாம். மற்றவற்றைப் பெயரைக் கொண்டு தேடியே எடுக்கிறீர்கள். இணையத்திலும் அவ்வாறே. இலக்கம் கணினிக்கு, பெயர் மனிதருக்கு. ஐ.பி. முகவரிக்குப் பதிலாக மனிதர் நினைவில் வைத்துப் பயன்படுத்தக்கூடிய பெயரே ஆள்களப் பெயர் ஆகும். பெயரைக் கொடுத்தால் அதற்குரிய இலக்கத்தைத் தேடித் தரும் ஒழுங்கமைப்பு ஆள்களப் பெயர் முறைமை, அதாவது டி.என்.எஸ். எனப்படும். இதனை வடிவமைத்தவர் அமெரிக்கரான போல் மொக்கபெற்றிஸ், ஆண்டு 1983. அதற்கு முன்னர் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, அக்கோப்பை எல்லோரும் பிரதி எடுத்து வைத்திருந்தனர். கணினிகள் பெருகியபோது அக்கோப்பு தாக்குப்பிடிக்கவில்லை.

புதுக்குடியிருப்பு எங்கே இருக்கிறது?

இக்கேள்வியை வகுப்பில் கேட்டால் எமது பிள்ளைகள் ஆரையம்பதிப் பக்கம் கைகாட்டுவர். முல்லைத்தீவுப் பிள்ளைகளைக் கேட்டால் தங்கள் மாவட்டத்துக்குள்ளேயே காட்டுவர். இரண்டும் சரி. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தும் கடிதங்கள் மாறிப்போவதில்லை. ஏனெனில் கடிதவுறையில் ஊரின் பெயரோடு நாம் நிறுத்துவதில்லை, மாவட்டத்தையும் எழுதுகிறோம். வெளிநாட்டிலிருந்து எழுதுபவர் இலங்கை என்றும் சேர்த்து எழுதுவார். மட்டக்களப்புக்குள் இரண்டு புதுக்குடியிருப்பு இல்லாவிட்டால் போதும். முல்லைத்தீவில் என்ன பெயர் இருக்கிறதென்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆள்களப் பெயரும் இதே ஒழுங்கிலேயே அமைந்துள்ளது. பெயரைப் புள்ளிகள் துண்டுகளாகப் பிரிக்கின்றன. கடைசித் துண்டு மிகப் பெரிய எல்லையைக் குறிக்கும். இடப்பக்கம் செல்லச் செல்ல எல்லை சிறுக்கும். கடைசித் துண்டுக்கு உயர்மட்ட ஆள்களம் என்று பெயர். அதற்கு இடப்புறத்தில் இருப்பது இரண்டாம் மட்ட ஆள்களம். அதற்கும் இடப்புறத்தில் வருபவை துணை ஆள்களங்கள்.

வலமிருந்து வாசியுங்கள்

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் இணைய முகவரி எஸ்விஐஏஎஸ்.ஈஎஸ்என்.ஏசி.எல்கே என்பதாகும். ஆங்கில எழுத்துக் கூட்டமாகப் பார்த்தால் இது மிரட்டும். நான் கலைப்பீடத்தில் தமிழ் படித்தபடியாலோ என்னவோ, எனக்கு இது ஆறாம் வேற்றுமைத் தொடராகத்தான் தெரிகிறது. வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் "இன்" உருபைப் போட்டு வாசித்துப் பாருங்கள். எல்கே: இலங்கையின். ஏசி: உயர்கல்வி நிறுவனங்களின். ஈஎஸ்என்: கிழக்குப் பல்கலைக்கழகத்தின். எஸ்விஐஏஎஸ்: அழகியற் கற்கைகள் நிறுவகம்.

ஆங்கிலேயர் முகவரியைச் சிறியதிலிருந்து பெரியதற்கு எழுதுகின்றனர். தமிழில் பெரியதிலிருந்து சிறியதற்குச் சொல்வதே எமக்கு இயல்பு. எனவே ஆள்களப் பெயரை வலமிருந்து வாசிக்கும்போது அது நேர் தமிழாகிவிடுகிறது. இதை ஒருமுறை பழகிக்கொண்டால் பின்னர் மறக்கமாட்டீர்கள்.

இத்தொடரில் அதிகாரமும் வலமிருந்து இடமாகவே இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். எல்கே என்பதன் கீழ் எப்பெயரைக் கொடுக்கலாம் என்பதை எல்கே ஆள்களப் பதிவகம் தீர்மானிக்கும். ஈஎஸ்என் என்ற பெயர் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த பின்னர், அதன் இடப்புறத்தில் என்ன எழுதுவதென்பது பல்கலைக்கழகத்தின் விருப்பம். அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு ஒரு பெயர், திருகோணமலை வளாகத்துக்கு இன்னொரு பெயர் என்று அது வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பதிவகத்தின் அனுமதியைப் பெறவேண்டியதில்லை.

இப்போது பெறுபேற்று இரவுக்குத் திரும்புவோம். பரீட்சைத் திணைக்களத்தின் தளம் டொனெட்ஸ்.எல்கே. எழுத்துகள் டி-ஓ-ஈ-என்-ஈ-ரி-எஸ். முதல் மூன்றும் பரீட்சைத் திணைக்களம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். பின் நான்கும் தேசிய மதிப்பீட்டிற்கும் பரீட்சித்தலுக்குமான சேவை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பெறுபேற்றுக்கென ரிசல்ட்ஸ்.எக்ஸாம்ஸ்.கவ்.எல்கே என்ற முகவரியும் உண்டு. வலமிருந்து வாசித்தால், இலங்கையின், அரசின், பரீட்சைகளின், பெறுபேறு. குற்றமில்லை.

இனி நான் கற்பனையாக அமைத்த ஒரு முகவரியைப் பாருங்கள்: டொனெட்ஸ்.எல்கே.ரிசல்ட்-செக்.கொம். இடமிருந்து வாசித்த கண்ணுக்கு "டொனெட்ஸ்.எல்கே" முதலில் படுகிறது, மனம் ஆறிவிடுகிறது. வலமிருந்து வாசியுங்கள். கொம் என்பதன், ரிசல்ட்-செக் என்பதன்... அங்கேயே நிறுத்துங்கள். இத்தளத்தின் சொந்தக்காரர் ரிசல்ட்-செக் என்ற பெயரைப் பதிந்தவர். அவர் தம் பெயருக்கு இடப்புறத்தில் டொனெட்ஸ் என்றும் எழுதலாம், எல்கே என்றும் எழுதலாம், உங்கள் பாடசாலையின் பெயரையும் எழுதலாம். என் வீட்டுக்குள் ஓர் அறைக்குக் "கச்சேரி" என்று பலகை மாட்டினால் அது கச்சேரியாகிவிடுமா?

புள்ளிக்கும் சிறுகோட்டுக்கும் உள்ள வேறுபாடும் இங்கு முக்கியமானது. புள்ளி எல்லையைப் பிரிக்கும், சிறுகோடு பிரிக்காது. "எக்ஸாம்ஸ்-கவ்-எல்கே" என்று சிறுகோட்டால் கோத்த பெயர், கணினிக்கு ஒரே துண்டுதான். அதில் கவ்வும் இல்லை, எல்கேயும் இல்லை.

முகவரியின் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் தளம் உண்மையானது என்று பல மாணவர்கள் எழுதுகின்றனர். அது பிழை. எச்.ரி.ரி.பி.எஸ். என்பதும் அப்பூட்டும், உங்களுக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் தகவல் மறைகுறியாக்கப்பட்டுள்ளது என்பதை மட்டுமே காட்டும். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. கள்வனுடைய வீட்டுக்கும் பூட்டு உண்டு.

எல்கே, சிஎச், ரிவி

உயர்மட்ட ஆள்களங்கள் இரு பெரும் வகையின. கொம், ஓர்க், நெற் போன்றவை பொதுவானவை. கொம் வணிகத்துக்காகவும், ஓர்க் அமைப்புகளுக்காகவும், நெற் வலையமைப்புகளுக்காகவும் ஏற்படுத்தப்பட்டன. ஆயினும் இம்மூன்றையும் இன்று எவரும் பதியலாம். மற்றைய வகை, நாடுகளுக்குரிய ஈரெழுத்துக் குறியீடுகள். இவை சர்வதேச நியமக் குறியீடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. எமது குறியீடு எல்கே. எஸ்எல் என்று எழுதிப் புள்ளியை இழக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கின்றனர். எஸ்எல் சியராலியோனுக்கு உரியது. சுவிற்சர்லாந்திலுள்ள மாமாவின் மின்னஞ்சல் சிஎச் என முடிவதைக் கண்டு சீனா என நினைப்பவர்களும் உண்டு. சீனா சிஎன், சுவிற்சர்லாந்தின் இலத்தீன் பெயரிலிருந்து வந்ததே சிஎச். பசுபிக் சமுத்திரத்திலுள்ள துவாலு என்ற சின்னஞ்சிறு நாட்டுக்கு ரிவி என்ற குறியீடு கிடைத்தது. உலகத் தொலைக்காட்சிக்காரர்கள் அப்பெயரை விரும்பிக் கேட்க, அந்நாட்டுக்கு அதுவே ஒரு வருமானமாகிவிட்டது.

இலங்கைக்கு எல்கே 1990 இல் வழங்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிஹான் டயஸ் முன்னின்று வளர்த்த எல்கே ஆள்களப் பதிவகம் அதனைப் பராமரித்து வருகிறது. எல்கேயின் கீழ் கவ்.எல்கே அரச நிறுவனங்களுக்கும், ஏசி.எல்கே பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கும், எஸ்சிஎச்.எல்கே பாடசாலைகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. இப்பெயர்களைக் கடைக்காரர் ஒருவர் பணம் கொடுத்து வாங்கமுடியாது. ஆனால் வெறுமனே எல்கே என முடியும் பெயரைத் தனியாரும் பதியலாம். ஆகவே எல்கே என்று முடிந்தாலே அரச தளம் என்று முடிவு கட்டாதீர்கள். டொனெட்ஸ்.எல்கே போன்ற பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் வேண்டும். பாடசாலையிலேயே கேட்டுக் கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு தேட வேண்டாம்.

இன்னொன்று. ஆள்களப் பெயரை எவரும் என்றென்றைக்குமாக வாங்குவதில்லை. குறித்த ஆண்டுகளுக்குப் பதிந்து, கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கின்றனர். புதுப்பிக்கத் தவறினால் பெயர் கைமாறலாம். ஊர்க் கழகமொன்றின் பழைய முகவரியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருவது இதனாலேயே.

தமிழில் முகவரி

ஆள்களப் பெயரில் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சிறுகோடு ஆகியவற்றுக்கு மட்டுமே இடமிருந்தது. இதனால் எமக்கு ஒரு சங்கடம். களுவாஞ்சிகுடியை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் "டபிள்யூ" போடுவர். சிலர் "வீ" போடுவர். முடிவில் "வை" எழுதுபவரும் உண்டு, "ஐ" எழுதுபவரும் உண்டு. தபாற்காரர் எதைக் கண்டாலும் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். டி.என்.எஸ். அப்படியன்று, ஓரெழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு ஊர்.

2010 இல் இலங்கைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் உயர்மட்ட ஆள்களங்கள் கிடைத்தன. தமிழில் அது ".இலங்கை" என்பதாகும். ".இந்தியா", ".சிங்கப்பூர்" என்பனவும் தமிழ் எழுத்தில் உள்ளன. உள்ளே டி.என்.எஸ். இன்னும் ஆங்கில எழுத்தையே கையாள்வதால், தமிழ்ப் பெயர் பியூனிகோட் என்ற முறையில் "எக்ஸ்என்" எனத் தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்படுகிறது. மாற்றும் வேலையை மேலோடி செய்துவிடும்.

தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டற் சிக்கல் தீர்ந்தது என்று மகிழ்ந்துவிடவும் முடியாது. "ஔ" என்ற ஒரே எழுத்தைத் தட்டுவதற்குப் பதிலாக "ஒ" வையும் "ள" வையும் அடுத்தடுத்துத் தட்டுபவர்கள் எம்மில் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு. துணைக்கால் வரவேண்டிய இடத்தில் "ர" வைத் தட்டினாலும் இதே கதிதான்.

பெயர் இலக்கமாவது எவ்வாறு?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் வந்திறங்கி, கொக்கட்டிச்சோலையிலுள்ள ஒரு வீட்டை விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் நிலையத்தில் நிற்பவருக்கு அந்த வீடு தெரியாது. ஆனால் "அது படுவான்கரை, மண்முனைப் பாலத்தடியில் போய்க் கேளுங்கோ" என்று சொல்லத் தெரியும். (2014 இல் அப்பாலம் திறக்கப்படும்வரை வாவியைப் பாதையில் ஏறித்தான் கடந்தோம்.) பாலத்தடியில் நிற்பவர் கொக்கட்டிச்சோலைக்கு வழிகாட்டுவார். கொக்கட்டிச்சோலைச் சந்தியில் நிற்பவர் வீட்டையே காட்டிவிடுவார். ஒருவருக்கும் முழுவதும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் அடுத்த படி தெரியும்.

நீங்கள் முகவரியைத் தட்டெழுதியவுடன் இதுவே நிகழ்கிறது. மேலோடி, உங்கள் இணையச் சேவை வழங்குநரின் டி.என்.எஸ். சேவையகத்தைக் கேட்கும். அதற்கு விடை தெரியாவிடின் முதலில் மூலச் சேவையகத்தை நாடும். ஏ முதல் எம் வரையான 13 பெயர்களில் இம்மூலச் சேவையகங்கள் இயங்குகின்றன. இயந்திரங்களோ உலகெங்கும் பரந்துள்ளன. மூலச் சேவையகம் எல்கேக்குரிய சேவையகத்தைக் காட்டும். எல்கே சேவையகம் அடுத்ததைக் காட்டும். இறுதியில் ஐ.பி. முகவரி கிடைக்கும். கிடைத்த விடையைச் சிறிது காலத்துக்குச் சேமித்து வைப்பதால், அடுத்தமுறை இவ்வளவு தூரம் விசாரிக்க வேண்டியதில்லை.

வழிகாட்டியே பிழையாகக் காட்டினால்? 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி அது நடந்தது. எல்கே ஆள்களத்தில் சில பெயர்களுக்குரிய பதிவுகள் மாற்றப்பட்டமையால், கூகிள்.எல்கே எனத் தட்டெழுதியவர்களுக்கு நாட்டின் பிரச்சினைகளைப் பேசும் வேறொரு பக்கம் தோன்றியது. கூகிளின் கணினிகளுக்கு எதுவும் ஆகவில்லை; கைகாட்டி மரத்தைத்தான் யாரோ திருப்பிவிட்டனர். பதிவகம் அன்றே அதைச் சீர்செய்தது. எனினும் பிழையான விடையைச் சேமித்து வைத்திருந்த சேவையகங்களில், சேமிப்புக் காலம் முடியும்வரை பழைய பிழை தொடர இடமுண்டு.

பரீட்சையில் கவனிக்க வேண்டியவை

யூ.ஆர்.எல். என்பதும் ஆள்களப் பெயர் என்பதும் ஒன்றல்ல. யூ.ஆர்.எல். ஒரு பக்கத்தின் முழு முகவரி. அதன் ஒரு பகுதியே ஆள்களப் பெயர். இரட்டைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது எச்.ரி.ரி.பி. போன்ற நடப்பொழுங்கு. அதன் பின், முதலாவது தனிச் சாய்கோடு வரையுள்ளது ஆள்களப் பெயர். அதற்கு அப்பால் வருவது அத்தளத்தினுள் கோப்பு இருக்கும் பாதை. மின்னஞ்சலில் "அற்" குறிக்குப் பின்னால் வருவதே ஆள்களப் பெயர்.

ஆள்களப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. சாய்கோட்டுக்குப் பின்னுள்ள பாதையில் வேறுபடலாம். இடைவெளி கூடாது. சிறுகோடு ஒரு துண்டின் தொடக்கத்திலோ முடிவிலோ வரக்கூடாது. ஒரு துண்டு 63 எழுத்துகளை மேவக்கூடாது.

பயிற்சி

1. 192.248.256.1 என்பது செல்லுபடியாகும் ஐ.பி. முகவரியா? காரணம் தருக.

2. பற்றிக்கலோ.டிஸ்ற்.கவ்.எல்கே என்ற முகவரியை வலமிருந்து விரித்து எழுதுக.

3. "ஈஎஸ்என்.ஏசி.எல்கே.அட்மிஷன்.நெற்" என்ற கற்பனை முகவரி கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு உரியதா?

விடைகள்: 1. இல்லை, மூன்றாவது எண் 255 ஐ மேவுகிறது. 2. இலங்கையின், அரசின், மாவட்டங்களின், மட்டக்களப்பு. அதாவது எமது மாவட்டச் செயலகத்தின் தளம். 3. இல்லை, நெற் என்பதன் கீழ் அட்மிஷன் என்ற பெயரைப் பதிந்தவருக்கு உரியது. "ஏசி.எல்கே இருக்கிறதுதானே, சேர்" என்று கேட்பவர்கள் மூன்றாம் வினாவை விரலை வைத்து வலமிருந்து மறுபடியும் வாசிக்கவும்.